பழைய சாலை எங்கே போகிறது?

சென்ற மாசி மாதத்தின் இறுதியில் ஓர் இரவு, தென் மாவட்டங்களை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையொன்றில், பாதிச் சாலையை அடைத்துவிட்டு மறுபாதியில் வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்த இடத்தில், நாங்கள் பிரயாணம் செய்த பஸ் நாற்பது நிமிஷம் நின்றுவிட்டது. மணி ஒன்றிருக்கும், பிரயாணிகள் எல்லோரும் உறக்கத்தில் இருந்தார்கள். நான் இறங்கி, சிவப்புக் கூம்புகள் வைத்திருந்த ஓரமாக நடந்து போய், அங்கே நடந்துகொண்டிருந்த வேலையைப் பார்த்தேன். யானையைவிடப் பெரிய யந்திரம் ஒன்று, வயிற்றுக்கடியில் சுழலும் உருளையில் நூற்றுக்கும் மேற்பட்ட உலோகப் பற்களுடன், ஆள் நடப்பதைவிட மெதுவாக நகர்ந்தபடி, சாலையின் மேற்பரப்பைக் கடித்துப் பொடித்துக்கொண்டிருந்தது. பற்கள் சூடேறாமலும் தூசி எழாமலும் இருக்க உள்ளே தண்ணீர் பீச்சியடித்துக்கொண்டிருந்தது. பொடித்ததையெல்லாம், தும்பிக்கையைப் போல முன்புறம் நீண்டிருந்த பட்டை ஒன்று ஏற்றிக்கொண்டு போய், எதிரே அதே வேகத்தில் ஊர்ந்த டிப்பர் லாரியில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு லாரி நிரம்பி விலகியதும் அடுத்தது வந்து அதே இடத்தில் நின்றது.

நிரம்பிய லாரியின் டிரைவர் கீழே இறங்கித் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "இதையெல்லாம் எங்கங்க கொண்டு போறீங்க?" என்று கேட்டேன்.

"எங்க பள்ளம்னு சொல்றாங்களோ அங்க கொட்டிட்டு வர்றதுதான் சார். இன்னிக்கு பைபாஸ் ஓரமா ஒரு பிளாட்டு ரொப்புறாங்க."

"அப்புறம் இங்க புது ரோடு போட ஜல்லி?"

"அது குவாரிலேருந்து வரும் சார். நாளைக்கு நானேதான் அந்த லோடும் அடிப்பேன்."

அந்தப் பதிலில் வருத்தமோ வியப்போ ஒன்றும் இல்லை. நாள்தோறும் செய்கிற வேலையைச் சொல்கிறவரின் இயல்பான குரல்தான் அது. ஆயினும், பழைய சாலையைச் சுமந்து சென்று ஒரு பள்ளத்தில் கொட்டிவிட்டு, மறுநாள் அதே வண்டி, அதே மனிதரோடு, எங்கோ ஒரு குன்றிலிருந்து உடைத்தெடுத்த கல்லைச் சுமந்துகொண்டு அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது என்பதை, பஸ் புறப்பட்டுப் பொழுது விடிகிற வரையில் என்னால் மனத்திலிருந்து நீக்க முடியவில்லை. கூம்புகளின் ஓரத்தில் சிதறிக் கிடந்தவற்றில் உள்ளங்கையளவு ஒரு கட்டியைக் கையோடு எடுத்து வந்திருந்தேன். ஊரில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது, கருங்கல் சில்லுகளைக் கறுப்பு மெழுகில் பதித்தது போல இருந்த அந்தக் கட்டியின் உடைந்த முகத்தில், கல்லின் நீலமும் சாம்பலும் கலந்த நிறம் நேற்று உடைத்தது போலப் பளிச்சென்று தெரிந்தது.

அந்தக் கல்லைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சென்னைக்கு அருகே பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் திரிசூலத்திலும் கிடைக்கும் கருநீலப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தா நகரின் தொடக்க காலத்தோடு சம்பந்தப்பட்ட ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இந்தப் பாறை இருப்பதைக் கண்ட தாமஸ் ஹாலந்து என்ற புவியியல் அறிஞர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார். சென்னைப் பக்கத்து வீடுகளுக்கும் சாலைகளுக்கும் கருங்கல் ஜல்லியாக உடைபட்டு வந்தது பெரும்பாலும் இந்த வகைக் கல்லே. இதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பூமியில் மரமும் இல்லாமல் மிருகமும் இல்லாமல் இருந்த காலத்தில் ஆழத்தில் வெந்து இறுகிய கல், பத்துப் பன்னிரண்டு வருஷம் லாரிச் சக்கரங்களுக்குக் கீழே கிடந்ததனால் மூப்படைந்துவிடுமா? விளிம்பு கொஞ்சம் மழுங்கலாம். சில துண்டுகள் நொறுங்கலாம். கல்லின் கல்தன்மை எங்கும் போய்விடுவதில்லை. மூப்படைவது அதைப் பிணைத்திருக்கும் தார் மட்டுமே. அதுவும் செத்துப்போவதில்லை, மூப்படைகிறது அவ்வளவுதான். இந்த வேறுபாட்டில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏழு மீட்டர் அகலமுள்ள இருவழிச் சாலையில், பத்து சென்டிமீட்டர் கனத்துக்குத் தார்க்கலவை இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டரில் 700 கன மீட்டர் கலவை இருக்கும். நன்றாக இறுகிய கலவை ஒரு கன மீட்டர் 2.3 டன்னுக்குக் குறையாது. ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு 1,600 டன். பதினாறு டன் ஏற்றும் லாரியில் நூறு நடை. அந்த 1,600 டன்னில் நூற்றுக்கு ஐந்து பங்கு தார் என்று கொண்டால் 80 டன் தாரும், 1,500 டன்னுக்கு மேற்பட்ட கல்லும் கிடைக்கின்றன. இந்தத் தாரைக் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கிறார்கள். நம் நாட்டின் தேவையில் கணிசமான பங்கு கப்பலில்தான் வந்து சேர்கிறது. கல்லோ உள்ளூர்க் குன்று. இரண்டும் ஒருமுறை வெட்டியெடுக்கப்பட்டு, உடைக்கப்பட்டு, சலிக்கப்பட்டு, சூடேற்றப்பட்டு, மக்களின் வரிப்பணத்தில் விலை கொடுத்து வாங்கப்பட்டவை. பாட்டியின் தேய்ந்த சங்கிலியை அழித்துப் பேத்திக்கு வளையல் செய்யும்போது, தட்டானிடம் கொடுத்த பொன்னை உரைத்துப் பார்த்து, எடை போட்டு, சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்று குன்றிமணியளவுக்கும் கணக்குக் கேட்கிற குடும்பங்கள் நம்முடையவை. பழைய வீட்டை இடித்தால் தேக்குத் தூணும் நிலைக்கதவும் ஜன்னல் கம்பியும் கூடப் பழைய மரக்கடையில் விலை போகின்றன. சாலையை இடிக்கும்போது மட்டும் அந்தக் கண் எப்படி மூடிக்கொண்டது?

சாலை போடும் சாஸ்திரத்தின் மூலபுருஷர்களில் ஒருவர் இப்படி நினைக்கவே இல்லை. ஸ்காட்லாந்தில் 1756இல் பிறந்த ஜான் லவுடன் மெக்காடம், 1816இல் பிரிஸ்டல் நகரத்துச் சாலைகளின் மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்றபோது, குண்டும் குழியுமாகக் கிடந்த சாலைகளின்மேல் வண்டி வண்டியாகப் புதுக்கல்லைக் கொட்டிக்கொண்டே போவதுதான் பராமரிப்பு என்று எண்ணப்பட்டு வந்தது. பெரிதும் சிறிதுமான கற்களும் மண்ணும் கலந்து, ஒரு மழைக்கே சேறாகிவிடுகிற சாலைகள் அவை. அவற்றைத் தோண்டிப் பார்த்த மெக்காடம், வேண்டிய கல் முழுவதும் பெரும்பாலும் அந்தச் சாலைக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது, அதைக் கிளறியெடுத்து, மண்ணை நீக்கி, ஒரே அளவாகச் சிறிதாக உடைத்து மீண்டும் பரப்பினாலே போதும் என்று கண்டார். ஆறு அவுன்ஸுக்கு மேற்பட்ட எடையுள்ள துண்டு சாலையில் இருக்கக்கூடாது என்பது அவர் விதி. பெண்களும் சிறுவர்களும் முதியவர்களும் உட்கார்ந்தபடி சிறு சுத்தியலால் உடைக்கலாம் என்றும் அவர் ஏற்பாடு செய்தார். சுத்தமான கல் பத்து அங்குல கனத்துக்கு ஏற்கெனவே இருக்கிற இடத்தில் புதுக்கல் ஒன்றுகூடக் கொண்டு வரலாகாது என்று எழுதி வைத்தார். நம்முடைய நெடுஞ்சாலைத் துறை அலுவலகங்களின் எஸ்டிமேட்டுகளில் இன்றைக்கும் 'வாட்டர் பவுண்ட் மெக்காடம்' என்றும் 'டென்ஸ் பிட்டுமினஸ் மெக்காடம்' என்றும் அந்த மனிதரின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பெயரைக் காப்பாற்றிக்கொண்டு வந்த நாம், அவர் முதலில் சொன்னதைக் கைவிட்டுவிட்டோம்.

தார் மூப்படைவது எப்படி என்பதை வெல்லப்பாகு காய்ச்சிய எவரும் எளிதில் புரிந்துகொள்வார்கள். கம்பிப்பதத்தில் இறக்கினால் இழுபடுகிறது. சற்றே கூடுதலாகக் கொதித்துவிட்டால் ஆறியபின் கல்லாகி, தட்டினால் சிதறுகிறது. சரக்கு ஒன்றுதான், பதம் மட்டுமே மாறியிருக்கிறது. தாரும் அப்படியே. கலவை ஆலையில் 160 டிகிரிச் சூட்டில் கல்லின்மேல் மெல்லிய சவ்வாகப் படர்கிறபோதே காற்றிலுள்ள பிராணவாயு அதன்மேல் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. சாலையில் பரப்பிய பின் வெயிலும் காற்றும் அந்த வேலையை வருஷக்கணக்கில் தொடர்கின்றன. தாரிலுள்ள எண்ணெய்ப் பசையான பகுதி குறைந்து, கெட்டியான பகுதி மிகுதியாகி, நெகிழ்ந்து கொடுத்து வந்த சாலை விறைத்துப் போய் வெடிப்பு விடுகிறது. வெடிப்பு வழியே மழைநீர் இறங்குகிறது. பிறகு நடப்பதை நாம் எல்லோரும் அறிவோம். விறைத்த தாரோடு அளவறிந்து இளகலான புதுத்தாரையோ, இளக்குவதற்கென்றே செய்த எண்ணெய்ச் சரக்கையோ சேர்த்தால் பழைய பதத்தைப் பெருமளவு மீட்டுவிடலாம். மருந்தும் தெரிந்ததுதான், அளவும் தெரிந்ததுதான்.

இது தெரிந்திருந்தும், தார் மலிவாகக் கிடைத்த காலத்தில் உலகம் இதைப் பெரிதாக எண்ணவில்லை. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்து, கச்சா எண்ணெயின் விலை பன்மடங்காக ஏறிய பிறகுதான், அமெரிக்கப் பொறியாளர்கள் தங்கள் காலடியில் கிடந்த தாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பத்தாண்டிலேயே, சாலையைச் சூடாக்காமல் குளிர்ந்த நிலையிலேயே சீவியெடுக்கும் யந்திரமும் பழக்கத்துக்கு வந்தது. கடப்பாறையால் பெயர்த்தால் பாளம் பாளமாகத்தான் வரும். இந்த யந்திரமோ, வேண்டிய கனத்துக்கு மட்டும், மறுபடி கலவையில் சேர்க்கத் தகுந்த தூளாகவே எடுத்துக் கொடுத்தது. இன்று அமெரிக்காவில் போடப்படும் புதிய தார்க்கலவையில், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகப் பழைய சாலையின் சரக்கு இருக்கிறது. ஜப்பானில் பெயர்த்தெடுத்த தார்க்கலவை ஏறக்குறைய முழுவதும் மறுபடி உபயோகத்துக்கு வந்துவிடுகிறது. இடிபாடுகளைப் பிரித்து மறுபயன் செய்தே ஆகவேண்டும் என்று 2000இல் சட்டமே இயற்றிய நாடு அது.

பழையதை நேரே நெருப்பில் காட்டினால் அதிலுள்ள தார் கருகி, நீலப் புகையாகப் போய்விடும். ஆகையால் ஆலையில் புதுக்கல்லை வழக்கத்தைவிட அதிகமாகச் சூடேற்றி, அந்தச் சூட்டைக் கொண்டே பழைய தூளை இளக வைக்கிறார்கள். சுடுசோற்றில் பழையதைப் பிசைவது போன்ற காரியம் இது, பழையது அளவுக்கு மிஞ்சினால் சோறு ஆறிப்போகும். இந்த ஆலைமுறைக்குப் புறம்பாக, சூடே வேண்டாத வேறொரு முறை இருக்கிறது. என்னை மிகவும் கவர்ந்தது அதுதான். கொதிக்கும் தாரில் மிகச் சிறிதளவு தண்ணீரைப் பீச்சியடித்தால், தண்ணீர் அக்கணமே ஆவியாகி, பால் பொங்குவது போலத் தார் பத்துப் பதினைந்து மடங்கு நுரைத்து எழுகிறது. அந்த நுரை சில விநாடிகளே நிற்கும். அதற்குள் ஈரமான, குளிர்ந்த, பழைய சாலைத் தூளோடு அதைக் கலந்துவிட்டால், தூளின் நுண்துகள்களைப் பற்றிக்கொண்டு, கற்களுக்கிடையே புள்ளி புள்ளியாக ஒட்டிப் பிணைக்கிறது. அமெரிக்காவின் ஐயோவா மாகாணப் பல்கலைக்கழகத்தில் லாடிஸ் சானி என்ற பேராசிரியர் 1956இல் நீராவியைக் கொண்டு இதைச் செய்து காட்டினார். பின்னர் ஆஸ்திரேலியாவில் நீராவிக்குப் பதில் குளிர்ந்த தண்ணீரே போதும் என்று கண்டார்கள். தாரைத் தண்ணீரில் கரைத்தது போலச் செய்யும் எமல்ஷனாலும் இதே காரியத்தைச் சாதிக்கலாம். எங்கேயும் தூளைச் சூடேற்ற வேண்டியதில்லை; எங்கேயும் தூரம் சுமக்க வேண்டியதில்லை.

இந்த முறைகள் ஒரு பெரிய நெடுஞ்சாலையின் சுமையைத் தாங்குமா என்ற சந்தேகம் அமெரிக்கர்களுக்கே வெகுகாலம் இருந்தது. அதைத் தீர்த்து வைத்த இடங்களில் முக்கியமானது, வர்ஜீனியா மாகாணத்தில் ஸ்டான்டன் நகருக்கு அருகே, அகஸ்டா கவுண்டி வழியாகச் செல்லும் 81ஆம் எண் மாநிலங்களிடை நெடுஞ்சாலை. 1960களில் போட்ட அந்தச் சாலையில் நாளொன்றுக்கு ஒரு திசையில் ஏறத்தாழ 23,000 வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் நூற்றுக்கு இருபத்தெட்டு கனரக லாரிகள். தெற்கு நோக்கிய பாதையில் 3.66 மைல் தூரம் மேலே எத்தனை முறை புதுத்தார் பூசினாலும் ஓரிரு வருஷத்தில் மறுபடி வெடித்துக்கொண்டிருந்தது. ஏனென்றால் நோய் மேலே இல்லை, அடித்தளத்தில் இருந்தது. அடித்தளத்தைப் பழைய முறையில் தோண்டி எடுத்து மாற்றுவதென்றால், போக்குவரத்து மிகுந்த அந்தத் தடத்தை நெடுநாள் அடைத்து வைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான நடை லாரிகள் வெளியே போகவும் உள்ளே வரவும் வேண்டும்.

2011இல் அவர்கள் செய்தது வேறு. லாரிகள் அதிகமாகச் செல்லும் வலப்பக்கத் தடத்தில், மேலிருந்த பத்து அங்குலத் தார்க்கலவையைச் சீவியெடுத்து, பக்கத்திலேயே அமைத்திருந்த சிறு கலவை நிலையத்தில் குவித்தார்கள். அதன் கீழே வெளிப்பட்ட பலவீனமான ஜல்லியையும் மண்ணையும் அப்புறப்படுத்தவில்லை. சிமெண்டும் சுண்ணாம்புக் காளவாய்த் தூளும் தூவி, பன்னிரண்டு அங்குல ஆழத்துக்கு இருந்த இடத்திலேயே கலக்கி, நீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்கிக் கெட்டியான தளமாக்கினார்கள். பிறகு, குவித்து வைத்திருந்த பழைய கலவையோடு நுரைத்த தார் நூற்றுக்கு இரண்டு பங்கும், சிமெண்டு ஒரு பங்கும் மட்டுமே சேர்த்து, அதைக் கொண்டு வந்து ஆறு முதல் எட்டு அங்குலத்துக்குப் பரப்பினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, டயர் நேரே படுகிற இடத்துக்கு மட்டும், நான்கு முதல் ஆறு அங்குலம் புதிய சூட்டுக்கலவை. சுமை குறைந்த இடப்பக்கத் தடத்தில் ஐந்து அங்குலத்தை இருந்த இடத்திலேயே கலக்கிப் போட்டுவிட்டு மேலே புதுக்கலவை விரித்தார்கள். வலத்தடம் மூடியிருந்த நாட்களில் லாரிகளை நெடுஞ்சாலையிலேயே விட்டுவிட்டு, கார்களை மட்டும் பக்கத்தில் ஓடும் பழைய 11ஆம் எண் சாலைக்குத் திருப்பிவிட்டார்கள். அடித்தளத்தை அங்கேயே கெட்டிப்படுத்துவது, பக்கத்து நிலையத்தில் கலப்பது, இருந்த இடத்திலேயே கலப்பது ஆகிய மூன்று முறைகளையும் ஒரே நெடுஞ்சாலை வேலையில் சேர்த்துச் செய்தது அந்த நாட்டில் அதுவே முதல் தடவை; ஒரு வேலைப்பருவத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

செய்து முடித்ததோடு அவர்கள் நிற்கவில்லை என்பதுதான் எனக்கு மிகுந்த மரியாதையை உண்டாக்குகிறது. அதே போன்ற அடுக்குகளை, அலபாமா மாகாணத்தில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தார்ச்சாலை ஆராய்ச்சி மையத்தின் சோதனைப் பாதையில் 2012இல் போட்டு வைத்தார்கள். அது 1.7 மைல் சுற்றளவுள்ள நீள்வட்டப் பாதை. அதில் பல டிரெய்லர்களை இழுத்த பாரலாரிகள், சரக்கு எதையும் எங்கும் கொண்டு சேர்க்காமல், சாலையைத் தேய்ப்பதற்கென்றே இரவும் பகலும் சுற்றி வருகின்றன. ஒரு நெடுஞ்சாலை பல வருஷங்களில் சுமக்கும் பாரத்தை இரண்டு மூன்று வருஷத்தில் அதன்மேல் ஏற்றிவிடுகிறார்கள். நிர்ணய அச்சுப் பாரம் இரண்டு கோடி முறை கடந்த பின்னும் பழைய கலவையால் ஆன அந்தப் பகுதிகளில் குறிப்பிடத்தக்க பள்ளமோ வெடிப்போ காணப்படவில்லை. அந்த நம்பிக்கையில் வர்ஜீனியா அடுத்து 64ஆம் எண் நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோதும் இந்த முறைகளையே கையாண்டது.

எல்லாப் பழஞ்சாலையும் இப்படிப் பயன்படும் என்று சொல்லிவிட முடியாது. நாம் தார் என்று பழக்கத்தால் சொல்வது இன்று பெட்ரோலியத்திலிருந்து வரும் பிட்டுமின்தான்; முன்காலத்தில் நிலக்கரியிலிருந்து இறக்கிய உண்மையான தாரை ஐரோப்பியச் சாலைகளில் நிறைய உபயோகித்தார்கள். அதில் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்கள் இருப்பதால், நெதர்லாந்து அந்தக் கலவையைச் சாலைக்குத் திருப்பி அனுப்ப அனுமதிப்பதில்லை. கான்கிரீட் சாலைகளை உடைத்துக் கல்லாக்கி அடித்தளத்துக்குப் போடுவது உலகெங்கும் நடக்கிறது. அதில் இவ்வளவு நுட்பம் இல்லை.

இனி நம்முடைய வாசற்படிக்கு வருவோம். வாசற்படி என்று அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணைக்கு நான் சிறுவனாக இருந்தபோது தெருவிலிருந்து மூன்று படி ஏற வேண்டும். ஒவ்வொரு முறை தெருவுக்குத் தார் போட்டபோதும் பழைய தாரின்மேலேயே போட்டார்கள்; ஒரு படி மறைந்தது, பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவதும். இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் ஒரு படி இறங்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் தெருத்தண்ணீர் நடைக்குள் வந்துவிடாதபடி அம்மா வாசலில் செங்கல் வைத்துச் சாந்து பூசிய ஓர் அணை கட்டியிருந்தாள். அந்த அணையைத் தாண்டிக் கால் வைக்க முடியாமல் ஒருநாள் அவளே விழுந்தாள். தமிழ்நாட்டில் இந்தக் கதை இல்லாத தெரு அபூர்வம். நெடுஞ்சாலையிலும் இதே கதை வேறு வேஷத்தில் நடக்கிறது: சாலை உயர உயர, ஓரத்து மண் தாழ்ந்தே கிடப்பதால், எதிரே வரும் பஸ்ஸுக்கு வழிவிட ஒதுங்கும் இருசக்கர வண்டி அந்த விளிம்பில் சறுக்குகிறது, மேம்பாலத்தின் கீழ் உயரம் குறைகிறது, நடுத்தடுப்பும் ஓரத்துக் கம்பித் தடுப்பும் தங்கள் உயரத்தை இழக்கின்றன.

2021 மே மாதத்தில், அப்போது தலைமைச் செயலாளராகப் பொறுப்பேற்றிருந்த வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டியெடுத்த பிறகே, மட்டம் உயராதபடி புதிய சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். பல்லாயிரம் வாசற்படிகளின் சார்பில் அந்த உத்தரவுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் சுரண்டுவது பாதி வேலைதான். சுரண்டியது எங்கே போகிறது என்ற மறுபாதி, அந்த டிரைவர் சொன்ன பள்ளத்திலேயே இன்னும் கிடக்கிறது.

வழிகாட்டும் நூல் நம்மிடம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஜெயகர் கமிட்டியின் யோசனைகளை ஒட்டி 1934இல் ஏற்பட்ட இந்தியச் சாலைக் காங்கிரஸ், தார்ச்சாலைகளை மறுசுழற்சி செய்வதற்கென்றே 2015இல் தனியாக ஒரு விதிமுறை நூலை வெளியிட்டது; அதற்கு முன்னரே, 2012இல் வெளிவந்த சாலைக் கன நிர்ணய விதிகளில், நுரைத்த தாராலும் எமல்ஷனாலும் பிணைத்த பழைய கலவையை ஓர் அடுக்காக ஏற்றுக்கொண்டுவிட்டது. உத்தரப் பிரதேசத்தில், பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் கீழ், பழைய சாலையை முழு ஆழத்துக்குக் கலக்கிச் சிமெண்டு சேர்த்துக் கெட்டிப்படுத்தும் முறையைப் பெரிய அளவில் கையாண்டு வருகிறார்கள். அங்கே பெரும்பாலான இடங்களில் மலை அருகில் இல்லை, கல் தூரத்திலிருந்து வர வேண்டும்; அந்தக் குறையே அவர்களுக்கு வழி காட்டியது. நமக்குக் குன்றுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான் கண் திறக்கவில்லையோ என்று எண்ணுகிறேன். கிரஷர் ஓடும் ஊர்களில் வெள்ளைத் தூசி படிந்த முருங்கை மரங்களையும், ஒரு காலத்தில் குன்று நின்ற இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிய ஆழக்குழிகளையும், அந்தக் குழிகளில் குளிக்கப் போய்த் திரும்பாத பிள்ளைகளின் பெற்றோரையும் பார்த்தவர்கள், கல் அருகில் கிடைக்கிறது என்பதை ஒரு பாக்கியமாகச் சொல்லமாட்டார்கள்.

இந்தத் துறையில் அனுபவமுள்ள ஒரு பொறியாளரிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். "பண்ணலாம் சார், ஆனா பொறுமை வேணும்" என்று அவர் ஆரம்பித்தார். நம்முடைய சாலையில் ஒரே கிலோமீட்டருக்குள் நான்கு காலத்துக் கலவைகளும், அவற்றுக்கிடையே கணக்கில்லாத ஒட்டுப்போட்ட இடங்களும் இருக்கின்றன. ஆகவே ஐந்நூறு மீட்டருக்கு ஒருமுறையாவது குடைந்து மாதிரி எடுத்து, தார் எவ்வளவு, எந்த அளவுக்கு இறுகியது, கல்லின் அளவு என்ன என்று பரிசோதிக்க வேண்டும். சீவியதைச் சலித்துப் பெருந்தூள் ஒரு குவியல், நுண்தூள் ஒரு குவியல் என்று பிரிக்க வேண்டும். நுண்தூளில்தான் தார் அதிகம். குவியலுக்குக் கூரை வேண்டும். மழையில் நனைந்தால் ஆலையில் அந்தத் தண்ணீரை விரட்டவே எரிபொருள் செலவாகிவிடும். மண் கலக்கக்கூடாது. ஆலையில் பழையதை ஊட்டுவதற்குத் தனி வாய் அமைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சீவியெடுத்தது யாருக்குச் சொந்தம், அதற்கு என்ன மதிப்பு, மறுபடி போடும்போது அதற்கு என்ன விலை என்பதை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுத வேண்டும். எழுதாவிட்டால், கொட்டிவிட்டு வருவதே ஒப்பந்தக்காரருக்கு லாபம். "முதல் வேலையிலே ஒரு இடத்துல பேர்ந்துச்சுன்னா, 'பழைய சரக்கைப் போட்டு ஏமாத்திட்டாங்க'ன்னு ஊரே பேசும். அந்தப் பயத்துலயே எங்க ஆளுங்க கையெழுத்துப் போட யோசிக்கிறாங்க" என்றார் அவர்.

அந்தப் பயம் நியாயமானது. பழையது என்ற சொல்லுக்கு நம் காதில் மட்டம் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஜீர்ணோத்தாரணம் என்ற சொல்லும் நம்முடையதுதானே? கோயிலைப் புதுப்பிக்கும்போது பழைய கல்லைத் தள்ளிவிடாமல் புதுச்சுவரில் வைத்துக் கட்டினார்கள். திருக்கோடிகாவலில் செம்பியன் மாதேவியார் கற்றளி எடுத்தபோது பழைய கல்வெட்டுகளைப் பார்த்துப் புதுக்கல்லில் மறுபடி பொறிக்கச் செய்தார். கவனமில்லாமல் செய்த இடங்களில் அதே பழங்கற்கள் எழுத்துத் தலைகீழாகப் படித்துறையிலும் மதிலிலும் கிடப்பதையும் பார்க்கிறோம். பழங்கல் இரண்டு விதமாகவும் திரும்பி வரும். எடுத்து வைக்கும் கையின் கவனத்தைப் பொறுத்தது அது. சாலைக்கு வேண்டிய கவனத்தை, ஆய்வுக்கூடத்துக்கும் கூரைக்கும் சலிப்பானுக்கும் செலவிட வேண்டிய பணத்தை, ஒரு மாவட்டத்தில், ஒரு நெடுஞ்சாலையில், ஐந்து கிலோமீட்டருக்காவது முழுமையாகச் செலவிட்டு, வர்ஜீனியாக்காரர்கள் செய்தது போல அதை வருஷக்கணக்கில் அளந்து, முடிவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

சித்திரையில், அக்கினி நட்சத்திரம் தொடங்கிய நாட்களில், மறுபடி அந்த வழியே போக நேர்ந்தது. சாலை வேலை முடிந்து, வெள்ளைக் கோடுகள் புதிதாக மின்னின. பைபாஸ் ஓரத்தில் அந்த டிரைவர் சொன்ன பிளாட்டைத் தேடிப் பிடித்தேன். எல்லைக்கல் நட்டு, 'விற்பனைக்கு' என்று பலகை வைத்திருந்தார்கள். ஓர் ஆள் உயரத்துக்குக் கறுப்புத் தூள் நிரவிக் கிடந்தது. அதன்மேல் ஆடுகள் இரண்டு நின்றன. பக்கத்துக் குடிசையிலிருந்து வந்த மூதாட்டி, "நாலு சட்டி அள்ளி எங்க வாசல்ல போட்டேன்யா, மழைக்குச் சேறாவாம இருக்கட்டும்னு. வெயில்ல தானா ஒட்டிக்கிட்டு சிமெண்டுத் தரையாட்டம் ஆயிருச்சு" என்றார். அவர் வாசலில் போய் நின்றேன். உச்சிவெயில். உருளை ஓட்டாமல், ஒரு சொட்டுப் புதுத்தார் சேர்க்காமல், காலால் மிதித்தே இறுகியிருந்த அந்தத் தரையிலிருந்து காலை எடுத்தபோது, செருப்பின் அடியில் மெல்லியதாக ஓர் ஒட்டல் இழுத்து விட்டது.